நீராவியா, மின்சாரமா?

சென்ற வாரம் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே நம் நண்பர் ஒருவர் விசித்திரமான கேள்வி ஒன்றைப் போட்டார். "பெட்ரோல் விற்கிற விலையில் மோட்டார் கட்டுபடியாகவில்லை, மின்சார வண்டிக்கோ மணிக்கணக்கில் மின்சாரம் ஏற்ற வேண்டுமாம். நீராவி மோட்டாரை ஏன் ஐயா எல்லோரும் மறந்துவிட்டோம்?" என்றார்.

சிரித்து மழுப்பிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. 1903-ஆம் ஆண்டிலேயே சென்னை சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் ஒன்றைக் கட்டினார். அதற்கு எட்டு வருஷம் முன்னதாக, 1895-இல், இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே இரண்டு சக்திகளும் நமக்குப் பழையனவே.

நீராவி வண்டியின் பெருமைகளை மறைப்பானேன்? கியர் மாற்றும் தொல்லை அதற்கு இல்லை, சத்தமும் குறைவு. 1906-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி நீராவி வண்டி ஒன்று மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. ஆனால், அக்காலத்து வண்டியில் கொதிகலன் சூடேறி நீராவி திரளுவதற்கு இருபது, முப்பது நிமிஷம் ஆகும். பள்ளிக்கூட மணி அதற்காகக் காத்திருக்குமா?

தாகமோ இன்னும் பெரிது. பழைய ஸ்டான்லி வண்டி ஏறக்குறைய மைலுக்கு ஒரு காலன் தண்ணீர் குடித்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடமும் கையுமாய் நின்ற சென்னைக் குடும்பங்களிடம், "வண்டிக்கும் ஒரு குடம்" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? பிற்காலத்து டோபிள் வண்டிகள் நீராவியைக் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்கிக்கொண்டன, விரைவிலும் கிளம்பின. ஆனால், அவற்றின் விலை சாமானியர்களுக்கு எட்டவில்லை.

சிக்கனத்தைப் பார்த்தாலும் மின்சாரமே ஜயிக்கிறது. சிறு நீராவி யந்திரம் எரிபொருளின் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக்குவது அரிது. மின்சார மோட்டாரோ, தான் பெறும் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தையும் பெரும்பாலும் நீராவிதான் உண்டாக்குகிறது என்பது வாஸ்தவமே. கல்பாக்கத்திலும் வடசென்னை அனல் நிலையத்திலும் டர்பைனைச் சுழற்றுவது நீராவியே. அங்கே பெரிய யந்திரங்களில் சூட்டின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது. நீராவி ஒழிந்துவிடவில்லை, தனக்கு உரிய இடத்துக்குக் குடிபோய்விட்டது என்பதே உண்மை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், "அப்படியானால் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் என் கதி என்ன? மின்சாரக் கம்பியைத் தெருவரைக்கும் தொங்கவிடுவதா?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. மின்சார வண்டியின் குறை யந்திரத்தில் இல்லை. அதற்குத் தீனி போடும் இடத்தில் இருக்கிறது. சொந்த வீடும் வாகனக் கொட்டகையும் உள்ள அடையாறுவாசிக்கு அது சௌகரியம். மாட வீதிச் சந்துகளிலும் தியாகராய நகர் அடுக்கு வீடுகளிலும் வாடகை கொடுப்பவர்களுக்கு அப்படி அன்று. வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். சில இடங்களில் தனி மீட்டரும் தேவைப்படலாம்.

இதற்கு வழி என்ன? 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மாம்பலம் வழியாக மின்சார ரயில் ஓடுகிறது. அதில் ஏறுகிறவன் மின்சாரம் ஏற்றக் கவலைப்பட்டதுண்டா? 1953-இல் டிராம் நின்றதும் கம்பெனியின் பண நஷ்டத்தால்தான். மின்சாரத்தின் குற்றத்தால் அன்று. 2025 ஜூன் மாதம் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கியது. அத்தகைய பஸ்கள் பெருகி, வாடகைக் குடித்தனக்காரருக்கும் மின்சாரம் ஏற்ற ஓர் இடம் உறுதியானால்தான் இந்த மாறுதல் எல்லோருக்கும் உரியதாகும். இல்லாவிட்டால், அது கொட்டகை உள்ளவர்களின் வைபவமாகவே நின்றுவிடும் என்பது நம் அபிப்பிராயம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. லஸ் பக்கம் போகும் பஸ் வரவே, அதில் ஏறிக்கொண்டார்.