பயிற்சியில் தொலைந்தவர்களைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரோடு திரும்பவில்லை. ஜெர்மனியின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டவர்களைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. ஆனால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் தோட்டா ஒன்றுகூடப் படாமல், பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் இறந்தார்கள். தாத்தாவின் அண்ணன் ஒருவர் இப்படி இறந்தார் என்று தெரிந்துகொண்டு தேடத் தொடங்கும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் தாள்கள் மிகக் குறைவு.

அதற்குக் காரணம் பதிவு முறைதான். போர்முனைப் படையணி ஒவ்வொன்றும் எந்த இரவில் எந்த விமானம் யார் யாரோடு எங்கே போனது என்று பெயர் பெயராக எழுதி வைத்தது. பயிற்சி நிலையங்களில் அந்த வழக்கம் இல்லை. அவற்றின் மாதாந்தரப் பதிவேட்டில் வானிலை, வந்துபோன அதிகாரிகள், பறந்த மொத்த மணிநேரம் இவற்றுக்கு நடுவே ஒரு விமானம் மலையில் மோதிய செய்தி இரண்டு வரியில் முடிந்துவிடும். இந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான் பார்த்தவரை, ஆய்வாளர்கள் அங்கே தொடங்குவதில்லை. அவர்கள் முதலில் தேடுவது விமானத்தின் வரிசை எண்ணை. ஓர் எழுத்தும் நாலு இலக்கமும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட அந்த எண் கிடைத்துவிட்டால் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

அவற்றுள் முக்கியமானது விபத்து அட்டை. விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள இந்த அட்டைகளுக்கு ‘படிவம் 1180’ என்று பெயர். விமானம், எஞ்சின், இடம், நாள், நேரம் இவற்றோடு விமானி மொத்தம் எத்தனை மணிநேரம் பறந்தவர், அந்த வகை விமானத்தில் எத்தனை மணிநேரம் என்பதும் அதில் இருக்கும். கடைசியில் காரணம். அங்கே அடிக்கடி கண்ணில் படுவது ‘விமானியின் பிழை’.

அந்த வரியை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் எண்ணம். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. விசாரணைக் குழுவுக்கோ அடுத்த வாரமே இன்னொரு விபத்து காத்திருந்தது. பிழை எங்கே முளைத்தது என்று பார்க்க, அந்த அட்டையை அன்றைய வானிலையோடும் கருவிகளோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உயரமானியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கருவி தரையின் தூரத்தை அளக்கவில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதையே அடிக்கணக்கில் காட்டியது. புறப்பட்ட இடத்தின் அழுத்தத்துக்கு அதைச் சரிசெய்து வைப்பார்கள். விமானம் பறந்து போகும் திசையில் புயல் சின்னம் இருந்து அழுத்தம் 20 மில்லிபார் குறைந்திருந்தால், முள் ஏறத்தாழ 160 மீட்டர் பொய் சொல்லும். அதாவது, விமானி நினைப்பதைவிட அவ்வளவு தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். கீழே முழு இருட்டடிப்பு, ஊர் விளக்கு ஒன்றும் கிடையாது. காற்றின் வேகத்தை ஊகித்துப் பென்சிலால் போட்ட கோடுதான் வழி. அது சில மைல் தள்ளிப்போனால், சமவெளி என்று நினைத்து மேகத்தினூடே இறங்கும் இடம் மலைச்சரிவாக இருக்கலாம். குளிர்காலத்தில் இறக்கையில் உறையும் பனியும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் மேல், விமானங்களே போர்முனையில் உழைத்துத் தேய்ந்தவை. ஓய்வு கொடுக்க வேண்டியவற்றைக் கற்றுக்குட்டிகளிடம் கொடுத்தார்கள். புதியவை முனைக்குப் போயாக வேண்டிய நெருக்கடி.

ஓர் எடுத்துக்காட்டு: 1942 ஜனவரி 30 அன்று, பிராம்கோட் தளத்திலிருந்த போலந்துக்காரர்களுக்கான பயிற்சி நிலையத்தின் வெலிங்டன் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் பனிப்புயலில் சிக்கியது. 702 மீட்டர் உயரமுள்ள பக்டன் பைக் மலையில் மோதியது. அதில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். வாலில் இருந்த துப்பாக்கிக்காரர் யோசப் ஃபுஸ்னியாக் மட்டும் கணுக்கால் முறிந்த நிலையில் உயிர் பிழைத்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாத வெண்பனியில் ஒரு நரியின் காலடித் தடம் கண்ணில் பட்டது. பசித்த நரி ஊரை நோக்கித்தான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதைப் பின்தொடர்ந்து ஊர்ந்தார். கிரே என்ற சிற்றூரின் விடுதி வரை போய்ச் சேர்ந்துவிட்டார். 1973இல் மலையுச்சிக்கு அருகே அவர் எழுப்பிய சிலுவையின் அடியில் விமானத்தின் உடைசல்களோடு வெண்கல நரித்தலை ஒன்றும் பதிக்கப்பட்டிருக்கிறது. சாட்சி ஒருவர் மிஞ்சியதால்தான் இந்த விபத்துக்கு இவ்வளவு கதை. யாருமே மிஞ்சாத இடங்களில் உலோகம்தான் சாட்சி.

வெலிங்டனின் உலோகம் அதற்கு ஏற்றது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அதன் உடல், மூங்கில் கூடைபோலக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய அலுமினியக் கலவைச் சட்டங்களால் ஆனது. மேலே துணி போர்த்தி வண்ணம் பூசியிருப்பார்கள். துணி மக்கிப் போனாலும், வளைந்த சட்டம் ஒரு முழம் கிடைத்தால் போதும், விவரம் தெரிந்தவர் வெலிங்டன் என்று சொல்லிவிடுவார். 11,400க்கும் மேல் செய்யப்பட்ட இந்த விமானங்களில் இன்று முழுதாக இருப்பவை இரண்டுதான். அவற்றில் ஒன்றும் பயிற்சியில் விழுந்தது என்பது வேடிக்கை. 1939 டிசம்பர் 18 அன்று ஹெலிகோலாந்து அருகே, இலக்கை எட்டிய வெலிங்டன்களில் பாதிக்கு மேல் தொலைந்த சண்டையிலிருந்து தப்பி வந்த விமானம் அது. மறு ஆண்டின் கடைசி நாளில் ஸ்காட்லாந்தில் பயிற்சிப் பறப்பின்போது வலது எஞ்சின் நின்றது. பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்களைக் குதிக்கச் சொன்னார் விமானி. வால் துப்பாக்கிக்காரரை மட்டும் பாராசூட் காப்பாற்றவில்லை. விமானிகள் இருவரும் விமானத்தை லாக் நெஸ் ஏரியில் இறக்கிப் படகில் தப்பினர். 1976இல் அந்த ஏரியின் புகழ்பெற்ற ராட்சதப் பிராணியைத் தேடிப்போன அமெரிக்கர்களின் ஒலியலைக் கருவியில் விமானம் தட்டுப்பட்டது. 1985இல் அதை மேலே எடுத்து மின்கலத்தில் இணைத்தபோது அதன் விளக்குகள் எரிந்தன.

ஏரியிலிருந்து தூக்கியதுபோல மலையிலும் தோண்டிவிடலாம் என்று யாரும் மண்வெட்டியோடு கிளம்பிவிட முடியாது. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப் பணியில் விழுந்த விமானத்தின் சிதைவுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தொடுவது குற்றம். உரிமம் கேட்பவர் அது எந்த விமானம், அதில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை முன்கூட்டியே ஆவணங்களோடு சொல்லியாக வேண்டும். உடல் எச்சங்களோ வெடிக்காத குண்டுகளோ அங்கே இருக்க வாய்ப்பு உண்டு என்று அமைச்சகம் கருதினால், அனுமதி கிடைப்பது அரிது.