'ஆன்', 'வித்', 'ஃபார்': தமிழில் எந்த உருபு?



கீழுள்ள மூன்று வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள்.

அப்பா சுவரின் மேல் கடிகாரத்தை மாட்டினார்.
நான் என் பைக்காகத் தேடினேன்.
பாட்டிக்குக் காய்ச்சல் என்பதால் மருத்துவருக்குப் போனோம்.

எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. எல்லாமே தமிழ்ச் சொற்கள்தாம். ஆனாலும் ஏதோ இடிக்கிறது, இல்லையா? 'ஆன் தி வால்', 'லுக் ஃபார்', 'கோ டு தி டாக்டர்' என்று மனத்துக்குள் ஆங்கிலம் ஓட, ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் ஒரு தமிழ் உருபை ஒட்டியதால் வந்த வினை இது. கட்டுரையில் கருத்து நன்றாக இருந்தும் மொழிநடைக்கு மதிப்பெண் குறைவது பல நேரம் இப்படித்தான்.

முதலில் ஓர் அடிப்படை. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபோ சொல்லுருபோ பெயருக்குப் பின்னால் வரும். இந்த இடமாற்றம் மாணவர்களுக்குச் சிரமமே இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ் உருபுதான் என்று நினைப்பதில்தான்.

ஆகவே "'ஃபார்' என்பதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்காதீர்கள். "இந்த வினை எந்தக் கேள்வியைக் கேட்கிறது?" என்று கேளுங்கள். கேள்வியில் வரும் உருபே விடையிலும் வரும். "எதைத் தேடினாய்?" "பையைத் தேடினேன்." அவ்வளவுதான். "எதற்காகத் தேடினாய்?" என்றால் அது காரணம் கேட்கும் கேள்வி; "புத்தகம் எடுப்பதற்காக" என்று வேறு விடை வரும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. 'ஆன்'

மேசைமேல் புத்தகம் இருக்கிறது. சுவரில் கடிகாரம் தொங்குகிறது. 'சுவரின் மேல்' என்றால் சுவரின் உச்சி; அங்கே பூனை உட்காரலாம், கடிகாரத்தை எப்படி மாட்டுவது? இன்னொரு நுட்பமும் உண்டு. 'மேசைமேல் விளக்கு இருக்கிறது' என்றால் விளக்கு மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 'மேசைக்கு மேலே விளக்கு தொங்குகிறது' என்றால் தொடாமல் உயரத்தில் இருக்கிறது. ஆங்கிலம் இரண்டு சொற்களால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் ஒரு 'கு' உருபால் காட்டிவிடுகிறது.

பேருந்தில் போனோம், தொலைபேசியில் பேசினாள் என்பவற்றில் 'இல்' போதும். கிழமைக்கு உருபே வேண்டாம்: 'திங்கட்கிழமை வந்தார்'. தேதிக்கு 'அன்று' சேர்க்கலாம்: 'மே 16ஆம் தேதியன்று ஆசிரியர் தினம் கொண்டாடினோம்'. செலவு என்றால் 'கு': 'உடைக்கு நிறையச் செலவு செய்தான்'. 'ஆன் ஃபுட்' என்பதற்கு உருபே இல்லை. 'நடந்து போனான்' என்று வினையெச்சமாகிவிடும்.

2. 'வித்'

இதற்குக் குறைந்தது நான்கு வேலைகள் உண்டு.

கருவி: கத்தியால் பழத்தை வெட்டினாள். 'கத்தியோடு வெட்டினாள்' என்றால் கத்தியும் சேர்ந்து வெட்டுப்பட்டதோ என்று தோன்றும்.
துணை: தம்பியோடு கடைக்குப் போனேன்.
தன்மை: பொறுமையுடன் பதில் சொன்னார்.
உடைமை: நீளமான கூந்தலையுடைய பெண்.

'ஆங்ரி வித் மீ' என்பதை 'என்னோடு கோபமாக இருக்கிறார்' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் நானும் அவரும் சேர்ந்து இன்னொருவர்மீது கோபப்படுவதுபோல் ஆகிவிடும்! 'என்மேல் கோபமாக இருக்கிறார்' என்பதே தமிழ்.

3. 'ஃபார்'

காலத்தைச் சொல்லும்போதுதான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறோம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று ஆண்டுகள் பினாங்கில் வாழ்ந்தார். (முடிந்துவிட்டது)
மூன்று ஆண்டுகளாகப் பினாங்கில் வாழ்கிறார். (இன்னும் தொடர்கிறது)
மூன்று நாளைக்கு மழை பெய்யும். (இனிமேல்)

'மூன்று ஆண்டுகளுக்கு வாழ்கிறார்' என்று எழுதினால் காலம் குழம்பிவிடும். 'ஆஸ்க் ஃபார்' என்பதும் இப்படித்தான். 'தண்ணீருக்காகக் கேட்டான்' வேண்டாம். 'தண்ணீர் கேட்டான்' போதும். ஆனால் 'பேருந்துக்காகக் காத்திருந்தோம்' சரியே. ஏன்? 'எதற்காகக் காத்திருந்தீர்கள்?' என்ற கேள்வி அங்கே பொருந்துகிறது.

4. 'டு', 'ஃப்ரம்': ஆளா, இடமா?

தமிழில் போய்ச் சேருவது ஆளா இடமா என்பதைப் பொறுத்து உருபு மாறும். மருத்துவமனைக்குப் போனோம், மருத்துவரிடம் போனோம். ஈப்போவிலிருந்து வந்தது, அம்மாவிடமிருந்து வந்தது. 'அம்மாவிலிருந்து வந்தது' பிழை.

இது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. மலாய்ப் பாடத்தில் இடத்துக்குக் 'கெ', ஆளுக்குக் 'கெபாடா' என்று எழுதுகிறார்கள். இடத்துக்கு 'டாரி', ஆளுக்கு 'டாரிபாடா' என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே பாகுபாடுதான் இங்கேயும் என்று சொல்லிக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பேச்சுத் தமிழும் கைகொடுக்கும். வாய்க்குக் 'கிட்ட' வந்தால் எழுத்தில் 'இடம்' போடுங்கள். 'டாக்டர்கிட்ட போனோம்' என்பது 'மருத்துவரிடம் போனோம்' ஆகும். 'அம்மாகிட்டேருந்து' என்பது 'அம்மாவிடமிருந்து' ஆகும்.

கொடு என்ற வினையில் இரண்டுமே வரும், பொருள் மாறும். 'பணத்தை மாறனுக்குக் கொடு' என்றால் பணம் மாறனுக்கே. 'பணத்தை மாறனிடம் கொடு' என்றால் அவன் கையில் ஒப்படை. அது வேறு யாருக்கோ போகலாம்.

5. 'பை'

'ஐந்து மணிக்கு வா' வேறு, 'ஐந்து மணிக்குள் வா' வேறு. 'பை ஃபைவ்' என்பதற்குப் பின்னதே சரி. 'பை தி ரிவர்' என்பது ஆற்றோரம், 'பை மிஸ்டேக்' என்பது தவறுதலாக. செயப்பாட்டு வினையில் 'ஆல்' வரும் என்பது உண்மைதான். ஆனாலும் 'பாரதியாரால் எழுதப்பட்ட பாட்டு' என்பதைவிட 'பாரதியார் எழுதிய பாட்டு' இயல்பாக ஒலிக்கிறது.

6. பெயரோடு ஒட்டும் தொடர்

நல்ல மாணவர்களும் தவறவிடும் இடம் இது. ஆங்கிலத்தில் 'தி புக் ஆன் தி டேபிள்' என்று பெயருக்குப் பின்னால் தொடரை அப்படியே ஒட்டிவிடலாம், வினை தேவையில்லை. தமிழில் 'மேசைமேல் புத்தகம் என்னுடையது' என்று எழுத முடியாது. இடையில் பெயரெச்சமோ 'உள்ள' போன்ற சொல்லோ வேண்டும்.

மேசைமேல் இருக்கும் புத்தகம் என்னுடையது.
நண்பன் எழுதிய கடிதம் கிடைத்தது.
சிவப்புச் சட்டை அணிந்த பையன் யார்?
ஆற்றுக்கு அருகில் உள்ள வீடு விற்பனைக்கு வந்தது.

ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் வினையைத் தேடி எடுங்கள். கடிதத்தை நண்பன் என்ன செய்தான்? எழுதினான். சட்டையைப் பையன் என்ன செய்தான்? அணிந்தான். அந்த வினை கிடைத்ததும் வாக்கியம் தானாகத் தமிழாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை

கட்டுரை திருத்தும்போது சரியான உருபை நாமே சிவப்பு மையில் எழுதிவிட்டால், மாணவர் அதைப் பார்த்து எழுதுவதோடு வேலை முடிந்துவிடும். மாறாக, ஓரத்தில் 'எதை?', 'யாரிடம்?', 'எவ்வளவு காலமாக?' என்று கேள்வியை மட்டும் எழுதிக் கொடுங்கள். விடையை அவர்களே சொல்லிப் பார்த்துத் திருத்தட்டும். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைக்கும் இந்தக் கேள்விகள் தேர்வறையில் துணை நிற்கும்.

பயிற்சி: திருத்தி எழுதுக

1. அக்காள் வானொலிக்குக் கேட்டாள்.
2. நான் ஐந்து ஆண்டுகளுக்கு இந்தப் பள்ளியில் படிக்கிறேன்.
3. இந்தப் பேனாவை ஆசிரியரிலிருந்து பெற்றேன்.
4. மரத்தின் கீழ் நாற்காலி என் தாத்தாவுடையது.
5. வேலையைப் பத்து மணியால் முடித்துவிடு.
6. அவர்கள் என்னில் சிரித்தார்கள்.

விடைகள்: 1. வானொலி கேட்டாள். 2. ஐந்து ஆண்டுகளாக. 3. ஆசிரியரிடமிருந்து. 4. மரத்தின் கீழ் இருக்கும் நாற்காலி. 5. பத்து மணிக்குள். 6. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆறும் சரியா? அப்படியென்றால் உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வினைக்கும் கேள்வி கேட்டுப் பாருங்கள். எங்கே கேள்வியும் விடையும் பொருந்தவில்லையோ, அங்கே ஆங்கிலம் ஒளிந்திருக்கும்.