மலைப்பாதை ஊர்திகளின் முன்சில்லு நடுக்கம்

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதை, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் றிவஸ்டன் மலைமுகட்டை அடைகின்றது. அப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளியை ஒட்டிச் சென்று இலுக்கும்புரவை நோக்கி இறங்குகின்றது. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பகுதிகளுள் நக்கிள்ஸும் ஒன்று. காண்போர் கண்ணுக்கு இம்மலை விருந்தாயினும், ஊர்தி செலுத்துவோருக்கு அது பெருஞ்சோதனையாகும். அடுத்தடுத்து வரும் கொண்டையூசி வளைவுகள், மழைநீர் அரித்த பள்ளங்கள், பார்வையை மறைக்கும் மூடுபனி என்பன அவ்வழியின் இயல்புகள். கிளைப்பாதைகளில் இறங்கித் தேயிலை, ஏலம், மிளகு விளையும் தோட்டங்களுக்குச் செல்வோருக்குச் சேறும் கல்லும் நாள்தோறும் எதிர்ப்படுவன.

இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்தவை நான்கு சில்லுகளும் இழுக்கும் ஊர்திகளாம். இரண்டாம் உலகப் போரிற் பெயர்பெற்ற வில்லிஸ் ஜீப்பும், 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் மோட்டர்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட லாண்ட் றோவரும் இவ்வினத்தின் முன்னோடிகள். பின்னர் யப்பானில் உருவான ஜீப்புகளும் இலங்கை மலைநாட்டில் இடம்பெற்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் ஊர்திகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், பழைய ஊர்திகளைப் பேணிக் காக்கும் தேவை முன்னையிலும் மிகுந்தது. அவற்றைப் பற்றும் நோய்களுள் மிக்க அச்சந் தருவது முன்சில்லு நடுக்கமாகும்.

இந்நடுக்கத்தின் இயல்பு பின்வருமாறு. ஊர்தி சீராக ஓடிக்கொண்டிருக்கும்பொழுது முன்சில்லுகள் இரண்டும் திடீரென இடமும் வலமுமாக விரைந்து உதறத் தொடங்கும். அவ்வுதறல் கோல்களின் வழியே ஏறி ஸ்டியரிங் சக்கரத்தைச் சாரதியின் கையிலேயே குலுக்கும். சில வேளைகளில் ஊர்தி முழுவதுமே நடுங்கும். சமதரையில் இது தொல்லையாக முடியும்; ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான இறக்கத்திலோ உயிருக்கே ஊறாகும்.

சில்லு ஏன் நடுங்குகின்றது என்பதை அறிய, தேரையும் மோட்டர் ஊர்தியையும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்து மாசிமகப் பெருவிழாவில் வீதிவலம் வரும் தேரைக் கண்டிராதார் அவ்வூரில் இலர். தேரின் சில்லு அச்சிற் சுழலுமேயன்றி இடமோ வலமோ திரும்புவதில்லை. சறுக்குக்கட்டை இடுவோரே தேரைத் திருப்புகின்றனர். மோட்டர் ஊர்தியின் முன்சில்லோ, கிங் பின் எனப்படும் ஏறத்தாழ நிலைக்குத்தான முளையைப் பற்றித் திரும்பும் உரிமை பெற்றது. சாரதி விரும்பியவாறு திரும்பும் அவ்வுரிமையே, கட்டுத் தளர்ந்தவிடத்துத் தான் விரும்பியவாறு ஆடும் உரிமையாகவும் மாறுகின்றது.

நடுக்கம் இருவகைப்படும். இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதலே நோயாய்வின் முதற்படியாம்.

முதலாவது, புறத்தூண்டலால் எழும் நடுக்கம். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற காலத்திற் சிறிது சிறிதாகத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்ந்து ஆடுவதைப் பௌதிகவியலார் பரிவு என்பர். எடை சமப்படாத சில்லு ஒவ்வொரு சுற்றிலும் முன் அச்சை ஒருமுறை உந்துகின்றது. 75 சதமமீற்றர் விட்டமுள்ள சில்லு, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7 முறை சுழலும். அதன் விளிம்பின் உட்புறத்தில், மையத்திலிருந்து 20 சதமமீற்றர் தொலைவில், 200 கிராம் சேறு ஒட்டி உலர்ந்திருப்பின், அச்சேறு அவ்வேகத்தில் ஏறத்தாழ 8 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் சில்லை வெளிநோக்கி இழுக்கும். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதாதலின், 30 கிலோமீற்றர் வேகத்தில் அது நான்கிலொன்றாகக் குறைந்துவிடும். உந்தலின் மீடிறன் முன் அச்சின் இயல்பான மீடிறனோடு ஒன்றும் வேகத்தில் மட்டுமே நடுக்கம் மிகும். வேகத்தைக் கூட்டினும் குறைப்பினும் தணியும். ஆகவே, வழுவழுப்பான பாதையிலும் குறித்த ஒரு வேகத்தில் தோன்றிப் பின் மறையும் நடுக்கத்துக்குச் சில்லே பெரும்பாலும் காரணமாகும்.

இரண்டாவது, ஊர்தி தன் ஓட்டத்திலிருந்தே சக்தி பெற்று வளர்க்கும் நடுக்கம். வயலினின் வில் ஒரே பக்கமாக இழுபடுகின்றது. நரம்போ இருபக்கமும் அதிர்கின்றது. அதுபோலவே, ஊர்தி நேரே முன்செல்ல, சில்லு அவ்வோட்டத்தின் சக்தியைக் கவர்ந்து பக்கவாட்டில் ஆடுகின்றது. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சில்லு விரைந்து தள்ளும்போது படபடவென்று அடித்துக்கொள்வதும் இதனாலேயே. இவ்வகை நடுக்கம் ஒரு பள்ளத்திலோ பாலத்து விளிம்பிலோ சில்லு இடறியவுடன் தொடங்கும். வேகம் நன்கு குறையும்வரை ஓயாது.

முன்சில்லுகள் இரண்டையும் ஒரே விறைத்த அச்சு இணைக்கும் ஊர்திகளில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. சுழலும் சைக்கிள் சில்லொன்றை அதன் அச்சின் இருமுனைகளிலும் பிடித்துக்கொண்டு ஒரு முனையை மேலே உயர்த்தினால், சில்லு தானாகவே பக்கவாட்டில் திரும்ப முற்படுவதை மாணவர் எவரும் பரிசோதித்தறியலாம். விறைத்த அச்சின் ஒருபுறச் சில்லு கல்லின் மேல் ஏறும்போது அச்சு முழுவதும் சரிகின்றது. அச்சரிவு சுழலும் சில்லுகள் இரண்டையும் ஒருங்கே திருப்ப முயல்கின்றது. திரும்பிய சில்லுகள் மீண்டும் அச்சைச் சரிக்கின்றன. இவ்வாறு ஒன்று மற்றொன்றைத் தூண்ட, நடுக்கம் நிலைபெறுகின்றது.

1920களில் அமுக்கங் குறைந்த பருத்த ரயர்களும் முன்சில்லுத் தடைகளும் பரவியபோது இத்தொல்லை பெருகிற்று. அக்காலத்து நடனமொன்றின் பெயரால் மேனாட்டார் அதனை ஷிமி என்றனர். 1934ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கார்களில் ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே மேலுங் கீழும் அசையும் அமைப்புப் புகுத்தப்பட்டமைக்கு இந்நடுக்கமும் ஒரு காரணமாயிற்று. சாதாரணக் கார்கள் இவ்வாறு நோயினின்று பெரிதும் விடுபட்டன. மலைப்பாதை ஊர்திகளோ, உறுதியும் கரடுமுரடான நிலத்தில் நான்கு சில்லுகளையும் ஊன்றும் ஆற்றலும் வேண்டி, விறைத்த அச்சையே நெடுங்காலம் போற்றி வந்தன. நன்மையோடு நோயும் உடன்வந்தது.

இனிக் காரணத்தைத் தேடும் முறை நோக்கற்பாலது. எளியதும் செலவற்றதும் முன்னாகவும், அரியதும் செலவு மிக்கதும் பின்னாகவும் ஆராய்தல் வேண்டும். ஒரு முறையில் ஒரு திருத்தமே செய்து, ஊர்தியை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுபவன் நோய் நீங்கினும் அதன் காரணத்தை அறியமாட்டான்.

முதற்கண், சில்லுகளின் உட்புறச் சேற்றைக் கழுவி நீக்கி, இரு முன் ரயர்களின் காற்றமுக்கத்தையும் உற்பத்தியாளர் விதித்த அளவுக்குச் சரிசெய்தல் வேண்டும். ரயர் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்துள்ளதா, புடைத்துள்ளதா, விளிம்பு வளைந்துள்ளதா என்பன நோக்கத்தக்கன. பின்பு முன்சில்லுகளைப் பின்னும் பின்சில்லுகளை முன்னுமாக மாற்றி ஓட்டலாம். நடுக்கம் மாறினாலோ மறைந்தாலோ குற்றம் சில்லினதே. அதனை எடை சமப்படுத்துதல் போதும். தடையை அழுத்தும்போது மட்டும் நடுக்கம் தோன்றுமாயின், தடைக் குடத்தையோ தட்டையோ ஐயுறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, மூட்டுகளின் தளர்ச்சியை ஆராய்தல். ஊர்தி சமதரையில் தன் சில்லுகளின்மீதே நிற்க, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திவிடுதல் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங் சக்கரத்தைச் சிறிதளவு இடமும் வலமுமாக இடைவிடாது அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் கைவைத்து வருதல் வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாத மூட்டு தேய்ந்த மூட்டாகும். ஸ்டியரிங் பெட்டி சட்டத்தோடு இறுகியுள்ளதா, கோல்களின் பந்து மூட்டுகள் உறுதியாயுள்ளனவா, வில்லுகளை அச்சோடு பிணிக்கும் போல்ட்டுகளும் வில்முனைப் புஷ்களும் தளர்ந்துள்ளனவா என்பன இவ்வாறு வெளிப்படும். 1983ஆம் ஆண்டில் லாண்ட் றோவர் சுருள்வில்லுக்கு மாறியபின், முன் அச்சைப் பக்கவாட்டில் நகராது தடுப்பது பனார் கோல் எனப்படும் குறுக்குக் கோலேயாகும். சுருள்வில் ஊர்திகளில் அக்கோலின் புஷ் தேய்தல் நடுக்கத்துக்குப் பெருங்காரணமாதலின், அது சிறப்பாக நோக்கத்தக்கது.

மூன்றாவதாக, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் கீழ்ப் புகுதல் ஒருபோதும் தகாது. சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்க, தளர்ச்சி தெரியுமாயின், உதவியாளரைத் தடையை அழுத்தச் செய்க. தளர்ச்சி மறையின் சில்லின் பெயாரிங் தளர்ந்தது. மறையாதெனின் கிங் பின் தேய்ந்தது. பெயாரிங்கை முறைப்படி இறுக்கலாம். தேய்ந்திருப்பின் மாற்றுதல் வேண்டும்.

கிங் பின்னைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். லாண்ட் றோவர் போன்ற ஊர்திகளில் அது வெறுமனே எளிதாகத் திரும்பினாற் போதாது; ஓரளவு உராய்வுடன் திரும்புதல் வேண்டும். அவ்வுராய்வே உதறலைத் தணிக்கும் முதற்காவல். தேய்வினால் உராய்வு குன்றியவிடத்து, மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தைத் திருத்துவர். கோல்களைக் கழற்றி, திருப்பும் கரத்தை விற்றராசினால் இழுத்து, அது அசையத் தொடங்கும் விசையைக் கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிடுதலே சரியான முறை. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்கு மீளாது. வளைவுகள் மலிந்த பாதையில் இதுவும் ஓர் இடராகும்.

நான்காவது, கோணங்கள். கிங் பின்னின் தலை சிறிது பின்னோக்கிச் சாய்ந்திருத்தலைக் காஸ்டர் கோணம் என்பர். பழைய தகட்டுவில் லாண்ட் றோவர்களில் அது 3 பாகை. இச்சாய்வினாலேயே சில்லு நேரே ஓட விழைகின்றது. சுருள்வில் ஊர்திகளை அழகு கருதியோ உயரம் வேண்டியோ தூக்கிக் கட்டும்போது, முன் அச்சு சுழன்று இக்கோணம் குறைகின்றது. அதனைத் திருத்தாது விடுவோர் நடுக்கத்தைத் தாமே வரவழைத்தோராவர்.

இவையனைத்துக்கும் பின்னரே ஸ்டியரிங் டாம்பர் எனப்படும் தணிப்பான் கருதத்தக்கது. எண்ணெய் நிறைந்த இவ்வுருளை உதறலின் சக்தியை வெப்பமாக மாற்றி அடக்குகின்றது. பழுதான தணிப்பானை மாற்றுதல் முறையே. ஆயின் தேய்ந்த மூட்டுகளை அவ்வாறே விட்டுப் புதிய தணிப்பானைப் பூட்டுதல், காய்ச்சலுக்குக் காரணம் அறியாது உடற்சூட்டை மட்டும் தணிப்பதை ஒக்கும். நடுக்கம் சில காலம் மறையும். மறைவிலே மூட்டு மேலும் தேயும். பின்னர் ஒருநாள் அம்மூட்டு நழுவிக் கழலுமாயின், சாரதியின் கையிற் சக்கரம் இருந்தும் பயனில்லை. உடனடிச் சுகத்தைத் தருவதாலேயே இப்பரிகாரம் ஏனையவற்றினும் ஆபத்தானது.

ஓட்டத்தின் நடுவே நடுக்கம் தொடங்குமாயின் சாரதி செய்யத்தக்கது யாது? சக்கரத்தை உறுதியாகப் பற்றுதல் வேண்டும். ஆயின் ஒவ்வோர் உதறலுக்கும் எதிராகத் திருப்பிப் போராடலாகாது. பெருவிரலைச் சக்கரத்தின் ஆரங்களினிடையே நுழைத்து வைத்தலுங் கூடாது. அக்ஸிலரேற்றரினின்று காலை எடுத்து, தடையை மென்மையாக அழுத்தி, வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துதல் வேண்டும். நின்றவுடன் நடுக்கம் ஒழிந்துவிடுதலால் குற்றமும் ஒழிந்தது எனக் கருதுவது பேதைமை. சில்லின் நட்டுகளையும் கோல்களின் மூட்டுகளையும் பார்த்தறிந்த பின்னரே, அதுவும் குறைந்த வேகத்தில், அண்மையிலுள்ள கராஜை அடைதல் தக்கது.

பெரும்பாலான ஊர்திகளில் இந்நடுக்கத்துக்குத் தனியொரு பெருங்குற்றம் காரணமாவதில்லை. சிறிது தேய்ந்த புஷ், சிறிது தளர்ந்த பெயாரிங், சிறிது காற்றிறங்கிய ரயர் எனத் தனித்தனியே பொறுக்கத்தக்க சிறு குறைகள் பல ஒன்றுகூடி, ஒரு பள்ளத்தின் இடறலைக் காத்திருக்கின்றன. மலையடிவாரத்துச் சிறு கராஜ்களில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாதிருக்கலாம். ஆயினும் மேற்கூறிய ஆய்வுகளுட் பெரும்பாலானவற்றுக்கு வேண்டுவன ஒரு ஜாக்கியும், இரண்டு தாங்கிகளும், ஒரு விற்றராசும், பொறுமையுள்ள இருவருமே. பள்ளிச் சிறுவரையும் நோயாளரையும் விளைபொருளையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் ஊர்திகளின் முன் அச்சை மழைக்காலத்துக்கு முன்னரே இவ்வாறு ஒருமுறை ஆராய்வது, அவ்வூர்திகளை நம்பி ஏறுவோர்க்குச் செய்யும் கடமையாகும்.