பழைய டிராக்டரைப் பேணும் முறை

நம் விவசாய அங்கத்தினர்களில் டிராக்டர் உடையவர் பலரிடம் இருப்பது புதிய வண்டியன்று. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்து, இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டியே. அது புகை கக்கினாலும், காலையில் கிளம்ப மறுத்தாலும், "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வெண்ணம் பொருந்தாது. டிராக்டர் வயதினால் கெடுவதினும், தூசியாலும் நீராலும் கவனக்குறைவாலும் கெடுவதே அதிகம். இம்மூன்றையும் தடுப்பதற்குப் பெரிய பட்டறை வேண்டுவதில்லை. வீட்டு முற்றமும், சில கருவிகளும், நாள்தோறும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். எவற்றை நாமே செய்துகொள்ளலாம், எவற்றில் கை வைக்கலாகாது என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1959-ஆம் ஆண்டில் பரிதாபாத்திலுள்ள ஐஷர் தொழிற்சாலை நம் நாட்டிலேயே டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் அமைந்தது. அக்காலம் தொட்டு நம் வயல்களுக்கு வந்த சிறிய, நடுத்தர வண்டிகள் பெரும்பாலும் எளிய அமைப்பு உடையவை. இன்று வரும் பெரிய வண்டிகள் சிலவற்றில் உள்ளது போன்ற மின்னணுக் கட்டுப்பாடு அவற்றில் இல்லை. ஸ்பானரும் பொறுமையும் உள்ளவர் அவற்றின் பல பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டலாம். பழைய வண்டியினால் நமக்கு உள்ள பெரிய நன்மை இதுவேயாகும்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளாவிடில் நேரும் நஷ்டத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் தொளி உழவு தொடங்குகிறது. அந்த வாரத்தில் வண்டி நின்றால் மெக்கானிக் கிடைப்பது அரிது. நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும். தூர் குறைந்தால் விளைச்சல் குறையும். சங்கத்தில் வாங்கிய கடனின் தவணையோ குறைவதில்லை. ஆகவே சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வடிகட்டியைக் கவனியாமல் விட்டதன் பலன், ஒரு போகத்தின் வருமானத்தையே தொடக்கூடும்.

காற்று

நடுத்தர டிராக்டர் ஒன்றின் எஞ்சின் கொள்ளளவு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இரண்டரை லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். கணக்கிட்டால் மணிக்கு 1,35,000 லிட்டர் ஆகிறது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட அறைகள் ஏறத்தாழ ஐந்தில் அடங்கும் காற்று இது. புழுதி உழவின்போது அக்காற்றில் மணல் துகள் கலந்திருக்கிறது. அது உள்ளே சென்றால், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் சாணைக்கல் போல் தேய்த்துவிடும்.

பழைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த காற்று வடிகட்டி உள்ளது. உள்ளே வரும் காற்று எண்ணெயின்மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் தங்கிவிடுகிறது. புழுதி நாட்களில் இக்கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால், பழைய எண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தையும் கழற்றக்கூடிய வலையையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாக வடியவிட்டு, குறியிட்ட மட்டம் வரை புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றலாகாது. மிகுதியான எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். காகித வடிகட்டி உள்ள வண்டியாயின், அதை மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். கையேடு இடம் தந்தாலன்றி நீரிலோ டீசலிலோ நனைக்கலாகாது.

வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் தூசி அவ்வழியே நேராக உள்ளே போய்விடும்.

டீசல்

டீசல் பம்பிலும் இன்ஜெக்டரிலும் உள்ள பாகங்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருந்தியவை. அவற்றினிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்கே ஆகும். நீரோ அழுக்கோ அங்கே சேர்ந்தால் துருவும் தேய்மானமும் தொடங்கும்.

இதற்கு முதற்காவல், மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைப்பது. டாங்கி பாதி காலியாக இருந்தால், இரவின் குளிர்ச்சியில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி டீசலில் விழுகிறது. நீர் டீசலைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கும். காலையில் வண்டியைக் கிளப்புமுன் அடிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்திச் சிறிது வடித்துவிட்டால் அந்நீர் வெளியேறிவிடும். பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் அதை அசையாமல் ஒரு நாள் இருக்கவிட்டு, அடிமட்டத்துக்குச் சற்று மேலிருந்தே எடுக்க வேண்டும்.

டீசல் தீரும்வரை வண்டியை ஓட்டினாலும், வடிகட்டியை மாற்றினாலும், குழாய்களில் காற்று புகுந்துகொள்ளும். "ஏர் பிடித்துவிட்டது" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதையே. இதற்கென்று மெக்கானிக்கை அழைத்து நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கி வரிசையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பின் நெம்புகோலை அசைக்க வேண்டும். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீசல் வரும்போது திருகை முடுக்க வேண்டும். அடுத்து, டீசல் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். நெம்புகோல் அசைந்தும் டீசல் வராவிட்டால், எஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டு மீண்டும் முயல வேண்டும். பம்பை இயக்கும் மேடு உயர்ந்த நிலையில் நின்றிருந்தால் கைப்பம்பு வேலை செய்யாது. இவ்வளவும் செய்தபின் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும்.

மசகு எண்ணெய்

ஒவ்வொரு நாள் காலையிலும், வண்டி சமதரையில் நிற்கும்போது, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுத்துவிடுவது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்சத்தக்கவை வேறு இரண்டு உள. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. நாம் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் டீசலோ நீரோ கசிந்து சேர்ந்துள்ளது. இவ்விரண்டில் எது நேரினும் வண்டியை ஓட்டலாகாது.

எண்ணெய் மாற்றும் காலத்தைக் கையேடு மணிக்கணக்கில் சொல்லும். பல பழைய வண்டிகளுக்கு அது 250 மணி. மணிகாட்டி பழுதடைந்திருந்தால், ஓடிய நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று எழுதி வைக்க வேண்டும். எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். அப்போதுதான் அழுக்கும் கூடவே இறங்கும். வடிகட்டியை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, அழுக்குக் குடத்தில் நல்ல தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும். கழிவெண்ணெய் நெடுநாள் தோலில் படுவது புற்றுநோய்க்கு இடம் தரும் என்று கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே கையைச் சோப்பிட்டுக் கழுவுவதுடன், அவ்வெண்ணெயை வாய்க்காலிலும் மண்ணிலும் கொட்டாதிருத்தல் அவசியம்.

ரேடியேட்டர்

எஞ்சின் சூடேறுவதற்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். ரேடியேட்டரின் தகடுகளில் பதரும் தூசியும் அடைத்திருக்கும், அல்லது விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கும். முதலாவதற்கு, எஞ்சின் ஆறியபின், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீரோட்டத்தால் கழுவ வேண்டும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழலாம். மிகத் தாழ்ந்தால் முடுக்க வேண்டும்.

உப்புக் கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புப் படலம் படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கும். கையேட்டில் கண்ட குளிர்விப்புத் திரவத்தை ஊற்றுவதே உத்தமம். சூடாயிருக்கும் எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. நீராவி பீறிட்டு முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

சேற்றிலிருந்து ஏறியபின்

சேற்று உழவு முடிந்த மாலையே வண்டியைக் கழுவுதல் வேண்டும். பின்னர் கிரீஸ் முனைகளைத் துடைத்துவிட்டு, உள்ளிருக்கும் சேறும் நீரும் பிதுங்கிப் புதிய கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் ஹப்பின் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். பாட்டரியில் நீர் குறைந்திருந்தால் வாலை நீரைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது. அதைக் கழற்றும்போது, வண்டியின் உடம்போடு இணைந்த கம்பியை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும்.

புகை சொல்லும் செய்தி

நெசவாளர் தறியின் ஓசை மாறியதும் இழை அறுந்ததை உணர்ந்து உடனே தறியை நிறுத்துகிறார். நிறுத்தாமல் நெய்தால் துணி முழுவதும் கெடும் என்பதை அவர் அறிவார். டிராக்டரில் அவ்வறிகுறியைப் புகை தருகிறது. கரும்புகை, காற்று போதாமையையோ மிகுந்த பாரத்தையோ டீசல் மிகுதியையோ குறிக்கும். முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். நீலப்புகை, மசகு எண்ணெய் எரிகிறது என்பதைக் காட்டும். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் அது நில்லாவிட்டால், இன்ஜெக்டர் பழுதோ சிலிண்டருக்குள் நீர்க்கசிவோ இருக்கலாம்.

கை வைக்கலாகாதவை

டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் பிரிக்கலாகாது. அவற்றைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு. அதற்குரிய பட்டறையிலேயே கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது பேராபத்து. மிகுந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியினும், உடனே அறுவை மருத்துவரிடம் காட்டாவிடில் விரலையே இழக்க நேரிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது. உறுதியான மரக்கட்டைகளோ தாங்கிகளோ வைக்க வேண்டும். செங்கல் நொறுங்கிவிடும். பின்புறத்துச் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்றுச் சுற்றுகிறது. வேட்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் உதறித் தப்ப நேரமிராது. எஞ்சினை நிறுத்தாமல் எவரும் அதன் அருகே செல்லலாகாது. அதன் மூடியைக் கழற்றி எறிவதும் கூடாது. சாலையில் செல்லுமுன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைத்தாக வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வேகமாகச் செல்லும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும்.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கண்ட வேலைகளுக்கான கருவிகள் யாவற்றையும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண்செலவு. ஒரு ஸ்பானர்த் தொகுதி, கிரீஸ் கன், நல்ல ஜாக்கியும் தாங்கிகளும், வடிகட்டி கழற்றும் கருவி, பாட்டரி நீரின் அடர்த்தி பார்க்கும் கருவி ஆகியவற்றைச் சங்கம் வாங்கிப் பதிவேட்டில் குறித்து இரவல் தரலாம். எண்ணெயையும் வடிகட்டிகளையும் அங்கத்தினர் தேவையறிந்து மொத்தமாக வாங்கினால் விலை குறைவதோடு, போலிச் சரக்குக்கும் இடமிராது. கழிவெண்ணெயை ஒரு பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் விற்கலாம். ஏற்கெனவே டிராக்டரை வாடகைக்கு விடும் சங்கங்கள் சில உள்ளன; அவற்றுக்கு இவ்வேற்பாடு மேலும் எளிது.

யாவற்றுக்கும் மேலாக, வைகாசி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினர்கள் தத்தம் வண்டிகளைச் சங்கத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கின் முன்னிலையில் தாங்களே சோதித்துக்கொள்ளலாம். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் அவரைத் தேடி அலைவதைவிட, அதற்கு முன்பே அவரிடம் கற்றுக்கொள்வது சாலச் சிறந்தது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் எடுத்துச் சொல்வார்களாக.