சந்தோச ஓட்டமும் விசர் ஓட்டமும்

வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள கல்லடி, நாவலடி, ஆரையம்பதிப் பக்கத்து மணல் வளவுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். பகல் முழுவதும் மாமரத்தடியில் குழி பறித்துச் சுருண்டு கிடந்த இளநாய் சடாரென்று எழும்பும். முதுகை வளைத்து, பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் வட்டம் வட்டமாகப் பறக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் பொத்தென்று விழுந்து, நாக்கைத் தொங்கவிட்டபடி மூச்சு வாங்கும்.

பார்த்தவர்கள் முதலில் கேட்பது "விசர் பிடிச்சிட்டுதோ?" என்றுதான். அதன் பிறகு குட்டைச் சங்கிலி வரும், சில வீடுகளில் தடியும் கல்லும் வரும். சுகமாக இருக்கும் ஒரு மிருகம், சந்தோசப்பட்டதற்காக அடி வாங்குகிறது. இதற்கு எதிர்மாறான தவறும் நடக்கிறது. உண்மையிலேயே நோய் கண்ட குட்டியின் பல் பட்டதை "விளையாட்டுக்குக் கடிச்சது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அந்தத் தவறுக்கு மனித உயிரே விலையாகிறது. ஆகவே இரண்டு ஓட்டங்களையும் பிரித்தறிவது நாய் வளர்க்கும் வீட்டுக்கு மட்டுமல்ல, வளர்க்காத வீட்டுக்கும் தேவை.

ஏன் ஓடுகிறது?

நாய்களின் நடத்தையை அறிந்தவர்கள் இந்தத் திடீர் ஓட்டத்தை இயல்பானது என்றே சொல்கிறார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'சூமிஸ்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். உடம்பில் தேங்கிய சக்தியும் மனதில் ஏறிய பரபரப்பும் ஒரே மூச்சில் வெளியேறுகின்றன. குட்டிகளிடமும் இரண்டு வயதுக்கு உட்பட்ட நாய்களிடமும் இது அதிகம். விடிகாலையும் அந்தியும் நாய்க்கு இயற்கையாகவே சுறுசுறுப்பான பொழுதுகள் என்பதால், பெரும்பாலும் அந்த நேரங்களில்தான் நடக்கும்.

குளிப்பாட்டி விட்டவுடன் ஓடும். மலம் கழித்தவுடன் ஓடும். வேலைக்குப் போனவர் கேற்றைத் திறந்து உள்ளே வந்தால் ஓடும். ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் ஓடுகிற நாய்களும் உண்டு. அங்கே சந்தோசத்தை விட, இறுக்கம் விட்டுப்போன ஆறுதலே அதிகம்.

ஓடும்போது வால் ஒடுங்கியிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வேகமாக வளைந்து திரும்பும் நாய் பின்பக்கத்தை உள்ளிழுப்பது வழமை. அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யக்கூடாது. ஓட்டத்துக்கு நடுவில் முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி நிற்கிறதா? அது விளையாட வரும்படி அழைப்பு. மரத்தையும் வாளியையும் விலத்தி ஓடுகிறதா? நின்ற பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, இரவுச் சோற்றை வழமைபோல் சாப்பிடுகிறதா? இவ்வளவும் சரியென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓட்டம் எப்படி இருந்தது என்பதைவிட, ஓடி முடித்த நாய் எப்படி இருக்கிறது என்பதையே நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன்.

சங்கிலியும் கச்சான் காற்றும்

எங்கள் பக்கத்தில் ஏராளமான நாய்கள் பகலெல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. இரவில் காவலுக்கு அவிழ்த்து விடுகிறோம். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆறடிச் சங்கிலியில் கிடந்த உடம்பு அவிழ்த்தவுடன் வெடித்து ஓடாமல் என்ன செய்யும்? அந்த ஓட்டத்தைக் குழப்படி என்று நினைத்து மறுபடி கட்டினால், அடுத்த நாள் ஓட்டம் இன்னும் மூர்க்கமாக இருக்கும். இதற்கு மருந்து நடைதான். காலை ஏழு மணிக்கு முன் ஒருமுறை, மாலை ஐந்தரைக்குப் பின் ஒருமுறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போதும். நடக்கும்போது மணக்க விடுங்கள். மூக்கைப் பயன்படுத்துவதும் நாயைக் களைப்படையச் செய்யும். முள் நீக்கி அவித்த மீன் துண்டுகளை வளவில் நாலைந்து பொச்சுமட்டைகளுக்குள் ஒளித்து வைத்துத் தேட விட்டால், மழை நாளில் நடைக்குப் பதிலாக அதுவே உதவும்.

நேரத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிற மாதங்களில் மத்தியான ஓட்டம் நாயின் உயிருக்கே ஆபத்து. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம். ஓடிய நாய் நிழலில் கிடந்தும் மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு கடும் சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே கிணற்று நீரை உடம்பு முழுவதும் ஊற்றி, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்து, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வாயைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். தார் றோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

ஓடும் நேரத்தில் வீட்டார் செய்யவேண்டியது

துரத்தாதீர்கள். நாம் பின்னால் ஓடினால் அது பந்தயம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டும். கத்துவதும் அப்படித்தான். கேற்றைச் சாத்திவிட்டு, தவழும் குழந்தையையும் தடியூன்றி நடக்கும் பெரியவரையும் வழியிலிருந்து விலக்குங்கள். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள நாய் முழங்காலில் மோதினால் வயதானவரின் இடுப்பெலும்பு முறியக்கூடும். வெளியில் அடுப்பு எரிந்தால் அதன் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். கட்டு தாழ்ந்த கிணறாக இருந்தால் வலையோ கம்பியோ போட்டு மூடி வையுங்கள். நாயை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் நடந்தபடி கூப்பிடுங்கள். பெரும்பாலும் பின்னால் வரும்.

வாவிக்கரையில் அவிழ்த்து விடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். மணலில் அறுந்த தங்கூசி வலை, தூண்டில் முள், போத்தல் ஓடு எல்லாம் கிடக்கின்றன. மீனவர்கள் கழித்துப்போட்ட பேத்தை மீனைத் தின்றால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுபோகும். முதலை உள்ள வாவி இது. அந்தி நேரத்தில் நீரோரம் பாய்ந்து விளையாடும் நாய் அதற்கு எளிய இரை.

விசர் என்று எப்போது சந்தேகிப்பது?

இலங்கையில் 1973இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும் கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைத்ததாலும் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஆனாலும் இன்றும் ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் கடிபட்டவுடன் சிகிச்சை எடுத்திருந்தால், அந்தச் சாவு ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

நோய்ப்பட்ட நாயின் ஓட்டத்தில் விளையாட்டு இருக்காது. ஓரிரு நாளுக்கு முன்பே அதன் குணம் மாறியிருக்கும்: ஒட்டிக்கொண்டு திரிந்த நாய் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கும், வெருண்டோடும் நாய் வலிய வந்து ஒட்டும். பிறகு நோக்கமில்லாமல் நேராக ஓடிக்கொண்டே போகும். கட்டை, கல், சங்கிலி என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். குரைப்பு கம்மிப்போகும். விழுங்க முடியாமல் எச்சில் வடியும், கீழ்த்தாடை தொங்கும், பின்னங்கால் இழுபடும். சில நாய்கள் இந்த மூர்க்கம் எதுவும் இல்லாமல் மூலையில் கிடந்தே சாகும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விசர் நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்ற நம்பிக்கையை வாவியைச் சுற்றி வாழும் நாம் முக்கியமாகக் கைவிட வேண்டும். நீர்வெறுப்பு மனிதருக்கு வரும் குறி. நோய்ப்பட்ட நாய் தண்ணீரில் வாய் வைக்கும், வாவியில் இறங்கவும் செய்யும். ஆகவே "வாவியில நீந்தினது, விசர் இல்ல" என்று ஆறுதல் அடையாதீர்கள்.

பல் பட்டாலோ, நகம் கீறினாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ பூசவேண்டாம். அன்றைக்கே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நாயைச் சில நாள் பார்த்துவிட்டுப் போகலாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும், அயல்வீட்டார் சொல்லக்கூடாது. நாயை முடிந்தால் அடைத்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். தலையில் அடித்துக் கொன்றால் மூளையைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்ய முடியாமல் போகும்.

விசர் அல்லாத, ஆனால் சும்மா விடக்கூடாத ஓட்டங்கள்

ஓடிக்கொண்டே அடிக்கடி திரும்பித் தன் வாலடியைக் கடிக்கிற நாயின் மயிரைப் பிரித்துப் பாருங்கள், தெள்ளும் உண்ணியும் இருக்கும். அவற்றைக் கொல்ல வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியைப் பூசுவது கொடிய தவறு. அது தோல்வழி உடம்பில் ஏறி, நாய் வாய் நுரைத்து, தசை துடித்துச் சாகலாம். நாய்க்கென்று உள்ள மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆடி அமாவாசைக் காலத்தில் மாமாங்கம் போன்ற கோயில் திருவிழாக்களின் வெடிச்சத்தத்துக்கு ஓடும் நாய் வட்டமிடாது. நேராக ஓடி ஊரைவிட்டே போய்விடும். அந்த இரவுகளில் அதை உள்ளறையில் விட்டு வானொலியையோ மின்விசிறியையோ போட்டு வையுங்கள்.

பக்கவாட்டில் விழுந்து, கால்களைத் துடுப்புப் போடுவதுபோல் அடித்து, தன்னையறியாமல் சிறுநீர் கழித்தால் அது வலிப்பு. தடுப்பூசி போடாத குட்டிகளில் டிஸ்டெம்பர் நோயும் இப்படிக் காட்டும். கைபேசியில் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியருக்கு நமது விவரிப்பைவிட அது உதவும். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஓட்டோ பிடித்து உடனே கொண்டுபோக வேண்டும்.

எட்டு ஒன்பது வயதுவரை அமைதியாக இருந்த நாய் புதிதாக நள்ளிரவில் எழும்பி அலையத் தொடங்கினால் அதை இளமை திரும்பியதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டு வலியும் பார்வைக் குறைவும் மூளை தளர்வதும் அப்படி அலைக்கழிக்கும். அந்த நாயையும் வருடாந்தத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளில் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.