வெயிலுண்ணும் பயிரின் இரண்டாம் உணவு

செடி தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். விலங்கோ பிறர் ஆக்கியதை உண்ணும். தற்போசணி, பிறபோசணி என்று பள்ளியில் நாம் நெட்டுருப்பண்ணிய இப்பாகுபாடு நிலத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். பண்ணைக் கடலில் அள்ளிய ஒரு செம்பு நீருக்கு அது பொருந்தாது.

அந்நீரில் மிதக்கும் நுண்தாவரங்களைப் பிளாந்தன் என்பர். உலகின் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி கடலில் வாழும் இத்தகையவற்றால் நிகழ்வது. வெயிலைக்கொண்டு சீனி ஆக்கவல்ல இவற்றுட் பல, பிறர் ஆக்கிய சீனி நீரில் கரைந்திருப்பின் அதனையும் விடுவதில்லை. வாயுமில்லை, வயிறுமில்லை, உடலைப் போர்த்த மென்சவ்வே வாய். சிலிக்காக் கூட்டினுள் வாழும் தயற்றங்களை ஜோய்ஸ் லூயின் என்னும் அம்மையார் இருளில் வளர்த்துப் பார்த்து, சில வகைகள் குளுக்கோசை உண்டு பெருகுவதை 1953இல் வெளியிட்டார். 1960இல் ரால்ப் லூயினுடன் சேர்ந்து கடற்கரைத் தயற்றங்களை ஆராய்ந்தபோதும் அவ்வாறே கண்டார். 1988இல் அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகொக்கசு, ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்களுள் மிகச் சிறியது. வறண்ட நடுக்கடலில் வாழும் அதுவும் அமினோவமிலங்களை உறிஞ்சுகின்றது.

வறண்ட கடலிலேயே இப்படியென்றால், நமது கடனீரேரியில் விருந்துக்குக் குறைவில்லை. உதிர்ந்த கண்டலிலை தேயிலைபோல ஊறிச் சாறிறங்கும். கரையொதுங்கிய சாதாழை அழுகிக் கரையும். மாரி வெள்ளம் சேற்றைக் கலக்கி வெயிலை மறைக்கும் நாட்களிலேயே இக்கரைசலும் மிகும். வெயில் குன்றும்போது இந்த இரண்டாம் உணவு கைகொடுக்குமென்றே நான் கருதுகிறேன். ஆயினும் வாசகர்கள் ஒன்றை மறக்கலாகாது: பெரும்பாலானவற்றுக்கு முதலுணவு வெயிலே.

இலைச்சாற்றோடு நின்றால் நமக்குக் கவலையில்லை. தோட்டத்துக்கு இடும் யூரியாவும் கரையும் சேதனப் பொருளே. நைதரசனுக்காகப் பிளாந்தன்கள் அதனை நேரே உண்ணும். கடலைச் சிவப்பாக்கும் நச்சுவகைகளுட் சில அதிற் செழிப்பவை. வாய்க்காற் கழிவும் வந்து சேர்கின்றது. ஆழமோ குறைவு, தாம்போதிகள் நீரோட்டத்தையும் தடுக்கின்றன. ஆதலால் வந்தது எளிதில் வெளியேறாது.

பயிர் அளவுமீறிப் பெருகிய நீரில் பகலெல்லாம் ஒட்சிசன் நிறைந்திருக்கும். இரவிலோ ஒளித்தொகுப்பு நின்றுவிட, சுவாசம் மட்டும் தொடரும். அழுகுவதைத் தின்னும் பற்றீரியாக்களும் ஒட்சிசனைச் செலவிடும். காற்றசையாத விடிபொழுதில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனாலேதான்.