கோமகன்களின் காதல் கதைகள்: 200 வருஷமாகியும் மவுசு குறையவில்லை!

"ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தப் பழமொழிக்குக் கதை எழுதியது போல ஓர் ஆங்கில நாவல் இருக்கிறது. அதன் பெயர் "பிரைட் அண்ட் பிரஜுடிஸ்". 1813-ம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் ஜேன் ஆஸ்டின். ஒரு பாதிரியாரின் மகள்.

கதையில் வரும் பென்னட்டுக்கு ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசு இல்லை. வருஷம் 2 ஆயிரம் பவுன் வருமானம் தரும் நிலம் இருக்கிறது. ஆனால் அது ஆண் வாரிசுக்கு மட்டுமே சேரும் என்று பத்திரத்தில் கட்டுப்பாடு. தகப்பனார் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினர் ஒருவருக்குப் போய்விடும். தாயாரும் பெண்களும் அவர் தயவில் நிற்க வேண்டியதுதான்.

இந்த நிலையில் பக்கத்தில் உள்ள பெரிய மாளிகைக்குப் பணக்கார வாலிபர்கள் இருவர் வருகிறார்கள். அதில் டார்சி என்பவருக்கு வருஷ வருமானம் 10 ஆயிரம் பவுன்! ஆனால் கர்வம் பிடித்த மனிதர். அவர் பெண் கேட்டபோது, இரண்டாவது மகள் எலிசபெத் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லிவிடுகிறாள். சோற்றுக்கு வழியில்லாமல் போகலாம் என்று தெரிந்தே சொல்கிறாள். கதையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

மன்னருக்குப் பதில் மகன்

அந்தக் காலத்தை "ரீஜென்சி காலம்" என்பார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. 1811-ல் அவர் மகன் "ரீஜண்ட்" என்ற பெயரில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1820-ல் தந்தை இறந்து, மகனே மன்னராகும் வரை இது நீடித்தது. ஆக மொத்தம் 9 வருஷம்தான். நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றது இந்த இடைவெளியில், 1815-ல்.

ஆஸ்டின் உயிரோடிருந்தபோது வெளிவந்த நாவல்கள் நான்கு. எதிலும் அவர் பெயர் இல்லை. முதல் நாவலில் "ஒரு சீமாட்டி எழுதியது" என்று மட்டும் அச்சிட்டார்கள். "பிரைட் அண்ட் பிரஜுடிஸ்" நாவலின் உரிமையை 110 பவுனுக்கு விற்றுவிட்டார். 1817-ல் 41-வது வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

அந்த நாவல் மூன்று பாகம். விலை 18 ஷில்லிங். சாமான்யர் வாங்க முடியாத விலை. ஆகவே சந்தா கட்டி இரவல் வாங்கிப் படித்தார்கள். நம் ஊர் வாடகை நூல் நிலையம் மாதிரிதான்.

கொல்லன் பட்டறையில் கல்யாணம்

இந்தக் காலத்துக் கதைகளில் ஓர் ஊர் அடிக்கடி தலைகாட்டும். கிரெட்னா கிரீன் என்று பெயர். 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதமின்றிக் கல்யாணம் செய்யக்கூடாது என்று 1753-ல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. எல்லை தாண்டினால் ஸ்காட்லாந்து. அங்கே அந்தச் சட்டம் செல்லாது. இரண்டு சாட்சி முன்னால் சொன்னால் போதும், கல்யாணம் முடிந்தது! எல்லையோரம் இருந்த இந்த ஊருக்குக் காதலர்கள் குதிரை வண்டியில் ஓடினார்கள். கொல்லன் பட்டறையிலேயே பல கல்யாணங்கள் நடந்தன.

ஓடிப்போவதும் துரத்துவதும் கதை எழுதுகிறவருக்குச் சர்க்கரைப் பொங்கல். ஜார்ஜெட் ஹேயர் என்ற பெண்மணி 1935-ல் "ரீஜென்சி பக்" என்ற நாவலை எழுதினார். ஆஸ்டினுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, அந்தக் காலத்தை மறுபடி உயிர்ப்பித்தவர் இவர்தான். உடை, வண்டி, விலைவாசி எல்லாவற்றையும் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். 1974-ல் இறந்தார்.

பம்பாயிலிருந்து ஒரு கதாநாயகி

பழைய கதைக்குப் புதுச் சட்டை போடுவதும் உண்டு. 2000-ல் வந்த "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படத்தைப் பார்த்த பலருக்கு அது ஆஸ்டினின் முதல் நாவலான "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி"யின் தழுவல் என்பது தெரியாது. சொத்து கைவிட்டுப் போன வீட்டில் இரண்டு சகோதரிகள். கதை நம் மண்ணுக்கு எவ்வளவு சுலபமாகப் பொருந்திவிட்டது!

ஜூலியா குவின் எழுதிய "பிரிட்ஜர்டன்" நாவல்கள் 2020-ல் நெட்பிளிக்ஸ் தொடராக வந்தன. 2022-ல் வந்த இரண்டாம் பகுதியில் கதாநாயகி கேட், பம்பாயிலிருந்து லண்டன் வந்தவள். தகப்பனாரை "அப்பா" என்றே சொல்கிறாள். நடித்தவர் சிமோன் ஆஷ்லி. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

மறைக்கப்பட்ட காதல்

இதே காலத்தை வைத்து இன்னொரு வகை நாவல்களும் வருகின்றன. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். "இது என்ன புதுமை?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். புதுமை இல்லை. அப்படிப்பட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். எழுதத்தான் முடியவில்லை. ஏனென்றால் அதற்குத் தண்டனை தூக்கு!

1811-ல் அயர்லாந்தில் பெர்சி ஜோஸ்லின் என்ற பிஷப் மீது, ஜேம்ஸ் பைர்ன் என்ற வேலைக்காரர் இப்படி ஒரு புகார் சொன்னார். பிஷப் வழக்குப் போட்டார். வேலைக்காரருக்குச் சிறையும் சவுக்கடியும் கிடைத்தன. 11 வருஷம் கழித்து, 1822-ல், அதே பிஷப் லண்டனில் ஒரு சிப்பாயுடன் கையும் களவுமாகப் பிடிபட்டார். ஜாமீனில் வந்தவர் தலைமறைவாகிவிட்டார். ஆனால் 1835-ல் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைத் தொழிலாளர்களை லண்டன் நியூகேட் சிறை வாசலில் தூக்கிலிட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக அந்த நாட்டில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர்கள் இவர்கள்தான். பெரிய மனிதருக்கு ஜாமீன், கூலிக்காரனுக்குக் கயிறு!

இதை மனதில் வைத்துக்கொண்டு கே.ஜே.சார்லஸ் எழுதிய "எ செடிஷஸ் அஃபேர்" (2015) நாவலைப் படிக்க வேண்டும். ஒருவர் உள்துறை அலுவலக அதிகாரி. இன்னொருவர் அரசுக்கு எதிராகப் பிரசுரம் போடும் ஏழைப் புத்தக வியாபாரி. ஒருவர் யார் என்பது மற்றவருக்குத் தெரியாமலே, புதன்கிழமை தோறும் சந்திக்கிறார்கள். புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருநாள் அந்தப் புத்தகக் கடைக்கே சோதனை போட அதிகாரி போகிறார்! ஆனாலும் கதை தூக்குமேடையில் முடியவில்லை. இருவரும் பிழைத்து, சேர்ந்தே இருக்கிறார்கள்.

ஆஸ்டின் கதையையும் விட்டுவைக்கவில்லை. 2024-ல் வந்த "மோஸ்ட் ஆர்டென்ட்லி" நாவலில் பென்னட்டின் இரண்டாவது பெண் உண்மையில் பெண்ணே அல்ல, ஆலிவர் என்ற திருநம்பி. வீட்டார்தான் எலிசபெத் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பலேறி வந்த சட்டம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. மெக்காலே தலைமையில் 1837-ல் நகல் தயாரான இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறியது. அதில் 377-வது பிரிவாக இந்தக் குற்றமும் வந்து உட்கார்ந்தது. தண்டனை ஆயுள் வரை. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967-ல் தளர்த்திக்கொண்டது. வயது வந்தவர்கள் மனமொத்துப் பழகுவது குற்றமல்ல என்று நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2018 செப்டம்பர் 6-ந் தேதிதான்.

சொத்தில்லாத பெண் தன் மனதுக்குப் பிடித்தவனை மணப்பதும், இரண்டு ஆண்கள் உயிரோடு சேர்ந்து வாழ்வதும் அந்தக் காலத்தில் அபூர்வம். சரித்திரம் கொடுக்க மறுத்ததை நாவல் கொடுக்கிறது. "முடிவு முன்கூட்டியே தெரிந்த கதைதானே" என்று கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பள்ளிக்கூட ஆங்கிலம் போதும், அகராதி பக்கத்தில் இருந்தால் சரி. முதலில் ஆஸ்டின், பிறகு ஹேயர், அதற்குப் பிறகு மற்றவை. ஆஸ்டின் நாவல்களுக்குக் காப்புரிமை முடிந்து நெடுநாளாகிவிட்டதால், மலிவுப் பதிப்புகள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையிலேயே கிடைக்கும். வேலைக்குப் போய்வரும் மின்சார ரயிலில் தினம் பத்துப் பக்கம் படித்தாலும், இரண்டு மாதத்துக்குள் எலிசபெத்தின் கல்யாணத்தைப் பார்த்துவிடலாம்.